போன பணத்துக்கு நாலு தேதி: கடலூர், புதுவைப் பக்கத்துப் புகார் நோட்டு

கடலூர் ஓ.டி. துறைமுகத்து மீன் ஏலத்திலும் புதுவை காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையிலும் பணம் பறிகொடுத்தவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "கணக்குல இருந்த காச எவனோ எடுத்துட்டான்." அதற்கு மேல் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதி வைத்தால்தான் அது வங்கிக் கிளையில் நிற்கும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் நிற்கும், விதி எழுதுகிறவரின் மேசையிலும் நிற்கும். எழுதாவிட்டால் டீக்கடைப் பேச்சோடு சரி.

ஆய்வும் ஒழுங்குமுறையும் மும்பையில் நடக்கிற காரியம், நமக்கென்ன என்று ஒதுங்கிப் போகிறோம். கடன் செயலிகளின் கதையைப் பார்த்தால் அப்படி ஒதுங்கத் தோன்றாது. கொரோனா ஊரடங்கில் கைப்பேசியிலேயே அஞ்சு நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் பெருகின. தவணை தவறினால் கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலில் இருந்த மாமன், மச்சான், பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் அசிங்கமான செய்தி போனது. 2021 ஜனவரி 13-ல் ரிசர்வ் வங்கி, ஜெயந்த் குமார் தாஷ் தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்தது. அந்தக் குழு இரண்டு விதமாக எண்ணிப் பார்த்தது. 80-க்கும் மேற்பட்ட செயலிக் கடைகளைத் துழாவி, கடன் தரும் செயலிகள் சுமார் 1,100 என்றும் அவற்றில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்றும் கண்டது. கூடவே சட்டவிரோத வசூல் பற்றிப் புகார் சொல்ல ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் சசேத் தளத்தில் மக்கள் பதிந்து வைத்திருந்த சுமார் 2,500 புகார்களையும் எடுத்துக்கொண்டது. நவம்பரில் அறிக்கை வந்தது. 2022 செப்டம்பர் 2-ல் வழிகாட்டுதல்கள் வந்தன. கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் படங்களையும் தொடக் கூடாது என்ற வரி அதில் இருக்கிறது.

அந்த வரி, பதிவு செய்யப்பட்ட புகார்களின் மேல் நிற்கிறது. சிம் கார்டைக் கழற்றிக் கெடிலத்தில் வீசிவிட்டு மனசைத் தேற்றிக்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே புகார் நோட்டைப் பற்றி விரிவாகவே சொல்லலாம். மகளிர் குழு, மீனவர் கிராமப் பஞ்சாயத்து, நூலக வாசகர் வட்டம், யார் வேண்டுமானாலும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். நீள நோட்டு போதும்.

நோட்டில் எழுத வேண்டியது

முதலில் நாலு தேதி. பணம் கழிந்த தேதியும் நேரமும். கழிந்தது கணக்குக்காரருக்குத் தெரிய வந்த தேதி, அதாவது எஸ்எம்எஸ் வந்த நாள். எஸ்எம்எஸ் வராமல் பாஸ்புக் போட்டபோதுதான் தெரிந்தது என்றால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். வங்கிக்குச் சொன்ன தேதியும் நேரமும், வங்கி கொடுத்த புகார் எண்ணும். கடைசியாக, வங்கி பதில் தந்த தேதி. பலர் முதல் தேதியை மட்டும் எழுதிவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். விதிகளோ பெரும்பாலும் அந்த மூன்றை வைத்தே ஓடுகின்றன.

அடுத்து பரிவர்த்தனை எண். யூபிஐ என்றால் 12 இலக்கம், முழுக்க எண்களாகவே இருக்கும். செயலிகள் தங்கள் பங்குக்கு எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஓர் அடையாளத்தையும் காட்டும். அதை எழுதிக் கொடுத்தால் கிளையில் "இப்படி ஒரு எண்ணே இல்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். செயலியில் பரிவர்த்தனையைத் தொட்டு உள்ளே போய், யூடிஆர் என்றோ யூபிஐ ரெஃபரன்ஸ் என்றோ இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பாஸ்புக்கில் அதே 12 இலக்கம் யூபிஐ என்று தொடங்கும் வரிக்குள் ஒளிந்திருக்கும்.

ரேகை வைத்துப் பணம் எடுத்த ரசீது என்றால் ஆர்ஆர்என் என்ற பரிவர்த்தனை எண்ணும் கருவிக்கான டெர்மினல் எண்ணும் இருக்கும். அந்த ரசீது வெப்பத்தாளில் அடிப்பது. மீன் கூடைக்காரரின் சுருக்குப் பையில் கொஞ்ச நாள் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். கையில் வாங்கிய அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

பிறகு தொகை, எந்த வழி, கணக்கின் தாய்க்கிளை, அதாவது கணக்கு இருக்கும் கிளை, எந்த ஊர், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கா சாதாரண சேமிப்புக் கணக்கா, கைப்பேசி யார் கையில் இருக்கிறது. கடைசிப் பத்தியை அகலமாக விட்டு, பாதிக்கப்பட்டவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுங்கள். "ரேகைய மூணு தரம் வெக்கச் சொல்லுச்சு அந்தத் தம்பி" என்பதை "பயோமெட்ரிக் பிழை" என்று திருத்தினால் அந்த வரியின் உயிர் போய்விடும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. ஆதார் எண் முழுசாக வேண்டாம், கணக்கு எண்ணில் கடைசி நாலு போதும். பின், ஓடிபி, அட்டையின் பின்பக்க மூன்று எண் எதுவும் நோட்டில் ஏறக் கூடாது. பெயரும் தொலைபேசி எண்ணும் வேறொரு நோட்டில், வரிசை எண்ணோடு இருக்கட்டும். உதவப் போன நோட்டே களவுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது.

ரெண்டு கடிகாரம்

இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பணம் இரண்டு விதமாகப் போகிறது. நீங்கள் அனுப்பியது நடுவழியில் சிக்குவது ஒன்று, நீங்கள் அனுப்பாமலே போவது மற்றொன்று. முன்னது நாட்காட்டி நாளில் எண்ணப்படும், பின்னது வங்கி வேலை நாளில்.

சிக்கிய பணத்துக்கு 2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி கொடுத்த சுற்றறிக்கை அடிப்படை. ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து காசு வராமல் போனால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். யூபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள். கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே வர வேண்டும். சிதம்பரம் ஏடிஎம்மில் 3-ம் தேதி கழிந்தது, 14-ம் தேதிதான் திரும்பியது என்று வையுங்கள். 8-ம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். ஆறு நாள் தாமதம், 600 ரூபாய். அசல் வந்த மகிழ்ச்சியில் இந்த 600-ஐ யாரும் கேட்பதில்லை. கேட்காமலே வர வேண்டியது வந்ததா என்று பார்க்க ஒரே வழி, பாஸ்புக்கில் அசல் வரவுக்கு அடுத்த வரிகளைத் தேடுவதுதான். நோட்டில் "இழப்பீடு வந்ததா" என்று ஒரு பத்தி போட்டு வையுங்கள். அதில் விழும் "இல்லை"கள் பின்னால் உதவும்.

களவு போன பணத்துக்கு 2017 ஜூலை 6-ல் வந்த சுற்றறிக்கை. வங்கியின் தவறு என்றால் அந்த இழப்பில் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா பொறுப்பில்லை, அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். வங்கியும் தவறவில்லை, வாடிக்கையாளரும் தவறவில்லை, குறை வேறெங்கோ இருக்கிறது என்றால், தகவல் வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அப்போதும் பொறுப்பில்லை. நாலு முதல் ஏழு வேலை நாள் என்றால் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு: அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு 5,000, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000, அல்லது போன தொகை, எது குறைவோ அது. ஏழு தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. சொன்ன 10 வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் நிழல் வரவாக, அதாவது விசாரணை முடியும் வரை தற்காலிக வரவாக, வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

வேலை நாளை எப்படி எண்ணுவது? தகவல் வந்த நாளைக் கழித்துவிட்டு, வாடிக்கையாளரின் தாய்க்கிளை திறந்திருக்கும் நாட்களை எண்ண வேண்டும். தாய்க்கிளை என்ற சொல் நம் பக்கத்துக்கு முக்கியமானது. ரெட்டிச்சாவடியில் குடியிருப்பார், கணக்கு புதுவைக் கிளையில் இருக்கும். ஆகஸ்ட் 12 வியாழன் இரவு எஸ்எம்எஸ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி முதல் நாள். 14 இரண்டாம் சனி, 15 ஞாயிறு, இரண்டும் மூடல். 16 திங்கள் கடலூரில் வேலை நாள், ஆகவே கடலூர்க் கிளைக்காரருக்குச் செவ்வாயோடு மூன்று நாள் முடிந்தது. புதுவையில் 16, கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றும் சட்டப்பூர்வ இணைப்பு நாள். அன்று கிளை மூடியிருந்தால் புதன் வரை இருக்கிறது. நவம்பர் 1 விடுதலை நாளுக்கும் இதே கணக்குதான். வங்கி அனுப்பும் மறுப்புக் கடிதத்தில் "நான்காம் நாள்" என்று இருந்தால் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

ஓடிபியைத் தெரியாமல் சொல்லிவிட்டவர் "என் தப்புதானே" என்று பேசாமல் இருந்துவிடுகிறார். அப்படியும் முழுக்கக் கதவடைத்துப் போகவில்லை. தன் கவனக்குறைவால் போனதென்றால், வங்கிக்குச் சொல்லும் வரை போனதுதான் அவர் தலையில். சொன்ன பிறகு போனது வங்கியின் தலையில். 11:10-க்கு முதல் தொகை போனது, 11:25-க்கு வங்கி எண்ணில் சொன்னார், 11:40-க்கு இன்னொரு தொகை போனது என்றால் இரண்டாவதை வங்கி திருப்ப வேண்டும். நிமிடக் கணக்கு எழுதச் சொல்வது இதற்காகத்தான். கைப்பேசியின் அழைப்புப் பட்டியலை அப்போதே படம் எடுத்து வையுங்கள். கொஞ்ச நாளில் அது கீழே போய் மறைந்துவிடும்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்துவிட்டால் வங்கிக்கும் சொன்ன மாதிரிதானே என்று கேட்பார்கள். இல்லை. 1930 பணம் போகும் தடத்தை மறிக்க, வங்கிப் புகார் உங்கள் பொறுப்பை நிறுத்த. இரண்டும் வேண்டும், ஒரே மணி நேரத்துக்குள் வேண்டும். சைபர் குற்றப் புகாரை இணையத்தில் பதியும்போது தமிழ்நாடா புதுச்சேரியா என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். பாகூர்க்காரர் கடைத்தெருவுக்குக் கடலூர் வருவதால் தமிழ்நாடு என்று போட்டுவிட்டால், புகார் ஒரு காவல் துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

பெருவிரல் ஒன்று, கழிவு ரெண்டு

ஆதார் ரேகை வழிப் பணமெடுப்பைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினம் மாதிரி ஒரு கடலோர ஊர். பெட்டிக்கடையின் ஓரத்தில் ஒரு சின்ன ரேகைக் கருவி, கைப்பேசியோடு கம்பியால் இணைத்திருக்கும். நூறு நாள் வேலைச் சம்பளமோ முதியோர் ஓய்வூதியமோ வந்திருக்கிறது. வலை பின்னி, மீன் கழுவி, ஐஸ் அள்ளித் தேய்ந்த விரல், முதல் தடவையில் ரேகை பதியாது. "இன்னொருக்கா வெய்யிங்கக்கா." இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை காசு வருகிறது. இந்த மூன்றில் எத்தனை உண்மையிலேயே தோல்வி, எத்தனை உள்ளே வெற்றியாகிக் கணக்கில் கழிந்தது என்பது கைப்பேசித் திரையைப் பார்க்கும் ஆளுக்கு மட்டுமே தெரியும். இதில் பின்னும் இல்லை, ஓடிபியும் இல்லை. வைத்த விரலே கையெழுத்து.

இன்னொரு வகையும் உண்டு. "பேலன்ஸ் மட்டும் பாத்துச் சொல்லுப்பா" என்று விரல் வைக்கிறார்கள். திரையில் திறந்திருப்பது இருப்பு பார்க்கும் பக்கமா, பணம் எடுக்கும் பக்கமா?

எஸ்எம்எஸ் வந்தால் உடனே தெரிந்துவிடுமே என்பீர்கள். வங்கியில் இணைத்த எண் மகனுடையது, மகன் வளைகுடாவில். அல்லது அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து வருஷமாகிறது. தெரிய வருவது அடுத்த தடவை பாஸ்புக் போடும்போதுதான். இரண்டாவது தேதியைத் தனியாக எழுதச் சொன்னது இதனால்தான். கடிகாரம் ஓடத் தொடங்குவது தகவல் கிடைத்த நாளிலிருந்து. தகவல் போய்ச் சேர்ந்த தேதியையும் நேரத்தையும் வங்கியின் அமைப்பு பதிந்து வைக்க வேண்டும், வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது என்று 2017 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

செய்ய வேண்டியவை சின்ன வேலைகள். ரேகை தோற்றுப்போனது என்று சொன்னால், தோல்விக்கும் ரசீது கேளுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் இரண்டாவது முறை விரல் வைக்க வேண்டாம். ரேகைக் கருவி வைத்திருக்கும் வங்கி முகவர், வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுப்பதை வழக்கம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம், அதற்கும் நோட்டில் ஒரு பத்தி வேண்டும். பணம் எடுக்காத நாட்களில் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். ஆனால் பூட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனால் அங்கும் விரல் ஏறாது, பூட்டை முதலில் திறக்க வேண்டும். இதைச் சொல்லாமல் பூட்டக் கற்றுக்கொடுத்தால் அந்த மாசமே திட்டு வாங்குவோம்.

விதியும் அசைந்திருக்கிறது. ரேகைக் கருவி நடத்துவோரைச் சோதித்துச் சேர்ப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 27-ல் உத்தரவு போட்டது, 2026 ஜனவரி 1 முதல் அமல். மூன்று மாதம் தொடர்ந்து செயல்படாமல் இருந்த நடத்துநரை மறுபடி சரிபார்த்த பிறகுதான் விட வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் பார்வையில் இது பாதி வேலை. தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கருவி ரேகை கேட்க வேண்டும் என்ற வரி வரும் வரை, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு அந்தத் திரை சுவர்தான்.

ரெண்டு வட்டி என்பது எத்தனை வட்டி?

கடன் விஷயத்தில் ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டினால் போதும். "ரெண்டு வட்டிதான்" என்கிறார்கள். 20,000 கடன், மாதம் 2 சதவீதம், 12 மாதம். அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை, முழு 20,000-க்கும் பன்னிரண்டு மாதமும் வட்டி: 4,800. தவணை சுமார் 2,067. செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90, முன்னாலேயே பிடித்துக்கொண்டு கையில் தருவது 19,410. காதுக்கு வருஷம் 24 சதவீதம் என்று கேட்கிறது. உண்மையான ஆண்டு விகிதம் சுமார் 48. ஏபிஆர் என்று சொல்வது இதைத்தான். கடன் ஒப்பந்தத்துக்கு முன்னால் தர வேண்டிய முக்கியத் தகவல் அறிக்கையில் இந்த எண் இருந்தே ஆக வேண்டும். சில்லறைக் கடன், சிறுதொழில் கடன் எல்லாவற்றுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அறிக்கை கட்டாயம். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கக் கூடாது.

சட்டத்துக்குப் புறம்பான செயலியின் கணக்கு இன்னும் கொடூரம். 5,000 கடன் என்று சொல்லி 3,500 தருவார்கள், ஏழு நாளில் 5,000 கேட்பார்கள். வருஷத்துக்குப் பெருக்கினால் 2,200 சதவீதத்துக்கு மேல் போகும். அடையாளம் எளிது. முறையான கடன், வங்கி அல்லது பதிவுபெற்ற நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரும், நேராக அங்கேயே திரும்பும். "இந்தத் தனியாள் யூபிஐக்குப் போடுங்க" என்றால் அது விதிக்குள் இல்லை. முறையான நிறுவனங்களின் செயலிப் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது, 2025 மே 8-ல் வந்த உத்தரவின் பலன். வாங்கிய பிறகு மனம் மாறினால் குறைந்தது ஒரு நாளாவது திருப்பிக் கொடுக்க அவகாசம் உண்டு. அசலும், வைத்திருந்த நாளுக்கான விகிதமும் கொடுத்தால் போதும், அபராதம் கிடையாது. செயலாக்கக் கட்டணத்தைத் தகவல் அறிக்கையில் சொல்லியிருந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

வசூல்காரர் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் அழைக்கக் கூடாது. நுண்கடன் என்றால் 9 முதல் 6. அழைத்தால் திரையைப் படம் எடுங்கள், நேரத்தோடு. கெஞ்சுவதால் ஆகாதது அந்த ஒரு படத்தால் ஆகும். வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் வந்த சட்டம் கடலூருக்குக் கிடைக்கும், எல்லை தாண்டிக் கிருமாம்பாக்கத்துக்கு வராது. அங்கே ரிசர்வ் வங்கி விதியையும் பொதுவான குற்றச் சட்டத்தையும் வைத்துத்தான் எழுத வேண்டும். ஒரே பேருந்தில் அரை மணி நேரப் பயணம், புகார்க் கடிதம் ரெண்டு மாதிரி.

எங்கே தள்ளுபடியாகிறது

வங்கியில் எழுத்தில் புகார், 30 நாள் காத்திருப்பு, பிறகு ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ். இது 2021 நவம்பர் 12-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் பாதை. கட்டணம் இல்லை. காலவரம்பையும் இழப்பீட்டு வரம்பையும் பதிகிற அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், திட்டம் அவ்வப்போது திருத்தப்படுகிறது. கணினி இல்லாதவர் தமிழிலேயே கடிதம் எழுதிச் சண்டிகரில் உள்ள புகார் பெறும் மையத்துக்கு அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448.

தள்ளுபடியாவது ஒரே மாதிரியான காரணங்களால்தான். வங்கிக்கு எழுதாமல் நேரே குறைதீர்ப்பாளருக்கு எழுதுவது. முப்பது நாள் ஆவதற்குள் அவசரப்படுவது. வங்கிக்கு எழுதிய கடிதத்தில் "நகல்: குறைதீர்ப்பாளர்" என்று போட்டுவிட்டு அதையே புகாராக நினைப்பது. வக்கீல் மூலம் அனுப்புவது. அதே விஷயம் நீதிமன்றத்தில் இருப்பது. வக்கீல் நோட்டீஸ் என்றால் கனம் கூடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. இங்கே அது எதிராக வேலை செய்யும். மகளோ, குழுத் தலைவியோ அதிகாரக் கடிதத்தோடு பதியலாம்.

படிவத்தில் புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவசரமாக "மற்றவை"யைத் தொடாதீர்கள். திட்டத்தின் ஆண்டறிக்கை புகார்களை வகை வாரியாகத்தான் எண்ணி வெளியிடுகிறது. ரேகைக் களவை "மற்றவை"யில் போட்டால் உங்கள் பணம் ஒருவேளை திரும்பலாம், ஆனால் ரேகைக் களவின் கணக்கில் ஒன்று குறைந்துவிடும்.

நோட்டு எப்போது ஆய்வாகிறது

நாற்பது, ஐம்பது வரிசை சேர்ந்த பிறகு அதைத் தொகுக்கலாம். முதல் எச்சரிக்கை: உங்களிடம் வந்தவர்கள்தான் உங்கள் நோட்டில் இருக்கிறார்கள், ஊர் முழுவதும் இல்லை. "பதிந்த 40 பேரில் 15 பேருக்கு எஸ்எம்எஸ் வரவில்லை" என்று எழுதலாம். "எங்கள் ஊரில் 37.5 சதவீதம்" என்று எழுதினால் படிப்பவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியையும் ஒதுக்கிவிடுவார்.

ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் வீடு வீடாகக் கேட்க வேண்டும், கேட்கும் விதம் முக்கியம். "நீங்க மோசடியில மாட்டியிருக்கீங்களா?" என்றால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். ஏமாந்தவன் என்ற பேர் யாருக்கு வேண்டும்? "போன மூணு மாசத்துல பாஸ்புக்குல உங்களுக்குத் தெரியாத கழிவு எதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டால் பாஸ்புக்கை எடுத்து வந்து காட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் கேட்டால் தேதியெல்லாம் குழம்பும். கைப்பேசி மகன் கையில் இருக்கும் வீட்டில், மகன் பக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் கேட்காதீர்கள். சில கழிவுகளின் விடை அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும்.

விதியாக்குபவருக்கு அனுப்பும் நேரம் வரைவு வெளியாகும் நேரம். ரிசர்வ் வங்கி முக்கியமான உத்தரவுகளை முதலில் வரைவாக வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்து கேட்கிறது. அதன் தளத்தில் கனெக்ட் டு ரெகுலேட் என்ற பகுதியில் வரைவும் கடைசித் தேதியும் இருக்கும். அறிவுரை எழுத வேண்டாம். ஒரு கருத்துக்கு ஒரு பக்கம்: வரைவின் எந்தப் பத்தி எண், அதில் இப்போது என்ன சொல், களத்தில் அந்தச் சொல்லால் என்ன நடக்கிறது, நோட்டில் எத்தனை வரிசை, எந்தக் காலத்தில், பதிலாக என்ன சொல் வேண்டும். "தோல்வியுற்ற பரிவர்த்தனைக்கும் ரசீது தரப்பட வேண்டும்" என்று மாற்றுச் சொல்லை நீங்களே எழுதிக் கொடுங்கள். கீழே ஒரே ஒரு வரிசையை, பெயர் நீக்கி, நாலு தேதியோடும் அந்த வாய்ச்சொல்லோடும் அப்படியே வையுங்கள்.

அனுப்பிய தேதியை நோட்டில் அந்தந்த வரிசைக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். இறுதி உத்தரவு வந்ததும் வரைவோடு பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் மாறியது, எது அப்படியே நின்றது என்று கோடிடுங்கள். அமலாகும் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அதற்கு முந்தைய கழிவுகளுக்குப் பழைய விதியைச் சுட்டித்தான் புகார் எழுத வேண்டும்.